பிலோமினா அக்காவுக்கு ஒரு ஸ்கேனர்

1

கரங்கானிலிருந்து பிலோமினா அக்கா அனுப்பிய குரல்செய்தி நாற்பது நொடி. முதல் பத்து நொடியில் கோழி கத்துகிறது, டிவி ஓடுகிறது, அவர் கணவர் அந்தோணி அண்ணன் யாரையோ வைகிறார். அப்புறம்தான் அக்காவின் குரல்.

“தோத்திரம் தம்பி. நல்லாருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சொகமா? ஒன்னுமில்ல, நீங்க காடிக்கு உள்ளாற சொருவிட்டு போன்ல பாப்பீங்கள்ல, அந்தச் சாமான் எனக்கும் ஒன்னு வேணும் தம்பி. காடியில அந்த மஞ்ச லைட்டு வந்துருச்சு. நானா கடைக்குப் போனா எதையாவது தலையில கட்டிருவானுங்க. எது நல்லதுன்னு ஒங்களுக்குத்தான் தெரியும். நீங்களே பாத்து எடுத்துருங்க லா.”

காடி என்றால் இங்கே மலேசியாவில் கார். வந்த புதிதில் நான் ‘வண்டி’ என்பேன், லாரியா என்று கேட்பார்கள். இப்போது ஊருக்கு வந்தால் ‘காடி’ என்கிறேன், நீங்கள் சிரிக்கிறீர்கள். இரண்டு கரையிலும் சிரிப்பு வாங்கியாகிவிட்டது. அது கிடக்கட்டும்.

அந்தக் காரை அக்காவுக்கு விற்றவன் நான். ஏழு வாரம் ஆகிறது. விற்ற அன்று காலை அதே மஞ்சள் விளக்கை, அதே சாமானை வைத்து அணைத்தவனும் நான்.

செய்தியை மறுபடி கேட்டேன். மூன்றாம் முறை, ‘ஒங்களுக்குத்தான் தெரியும்’ என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன்.

2

இருபத்து மூன்று வருடமாக இங்கிருந்து எழுதுகிறேன். ராஜபாளையத்தில் நூற்பாலை ஃபிட்டராக இருந்தவன் கெடாவுக்கு வந்த கதையை, மதுரையில் ஓர் ஏஜென்ட் என்னை ஏமாற்றிய கதையை நீங்கள் எத்தனை விதமாகப் படித்திருப்பீர்கள்! மெஷின் டெக்னீஷியன் என்று சொல்லித்தான் அனுப்பினார். இறங்கிய மூன்றாம் நாள் கூலிம் பக்கத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில், சூட்டோடு வரும் பீங்கான் கைகளுக்கு முன்னால் நிறுத்தினார்கள். ஒவ்வொரு கையிலிருந்தும் ரப்பர் உறையை உரித்தெடுக்க வேண்டும். உரித்தால் அடுத்த கை. அதற்கு அடுத்த கை. கும்பிடாத, குலுக்காத, எதையும் கேட்காத கைகள். ஷிப்ட் முடிந்து பாயில் படுத்தாலும் கண்ணுக்குள் வரிசை ஓடிக்கொண்டே இருக்கும்.

அதை வைத்து நான் எழுதாத வரி இல்லை. ஏமாந்தவன் என்ற சட்டை எனக்கு நன்றாகப் பொருந்தியது. துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டேன். அதே தொழிற்சாலையில் இன்று பராமரிப்புப் பிரிவுக்கு மேற்பார்வையாளன், நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டை, இங்கேயே பிறந்த மனைவி, இங்கேயே பிறந்த மகள். ஆனாலும் பேனாவை எடுத்தால் அந்தப் பழைய சட்டைதான்.

வேலையின் பெயரைத் தவிர, அந்த ஏஜென்ட் அன்று சொன்னதில் பெரிய பொய் எதுவும் இல்லை. “வேல கஷ்டமா இருக்குமாண்ணே?” என்று கேட்டேன். “வெளிநாடுன்னா அப்படி இப்படித்தான் தம்பி, போனா பழகிரும்” என்றார். சொல்லும்போது மேசைமேல் கிடந்த ஒரு குண்டூசியை எடுத்து டப்பாவில் போட்டார். என் முகத்தைப் பார்க்காமல் இருக்க அவருக்கு ஒரு குண்டூசி தேவைப்பட்டது. நான் அதை இத்தனை வருடம் மறக்கவில்லை. அதே காரியத்தைக் காய்ந்த இலை ஒன்றை வைத்து நானும் செய்வேன் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

3

காருக்குப் பதினான்கு வயது. அதன்மேல் சாய்ந்தபடி நான் நிற்கும் படத்தை ஊரில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள், நான்தான் அனுப்பினேன். போன வருடக் கடைசியில் அதற்கு ஒரு நோய் வந்தது. நன்றாகச் சூடேறி ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடும். இருமல் இல்லை, முனகல் இல்லை, பேச்சுக்கு நடுவே எழுந்து போய்விட்ட மனிதரைப் போல. பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் எதுவும் நடக்காத மாதிரி கிளம்பும்.

அப்போதுதான் முதல் ஸ்கேனரை வாங்கினேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில், பதினாறு துளை உள்ள ஒரு செருகுவாய் இருக்கும். தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை அதில் செருகினால், ப்ளூடூத் வழியாக அது போனோடு சேர்ந்துகொள்ளும். போனில் உள்ள செயலி காரின் கணினியைக் கேட்டு, கோளாறு இன்னது என்று ஓர் எண்ணைக் காட்டும். ‘அழி’ என்று ஒரு பொத்தானும் இருக்கும். அழுத்தினால் எண் போய்விடும். விளக்கு அணைந்துவிடும். கோளாறு போகாது.

என் காரின் எண், எஞ்சின் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்லும் ஒரு சின்ன சென்சாரைக் காட்டியது. அதை மாற்றினேன். மறுபடியும் நின்றது. திகாம் பத்துவில், என் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டறைக்காரர் சொன்னார்: “சென்சார் இல்லண்ணே. வயரிங்ல எங்கியோ அறுந்து ஒட்டிக்கிட்டு நிக்குது. சூடானா விலகிக்கும். முழுசா பிரிக்கணும். நாலு நாள் காடிய விட்டுட்டுப் போங்க.”

நாலு நாள். அவ்வளவுதான். அந்த நாலு நாளை நான் கொடுக்கவில்லை. வேலை இருந்தது, மழை இருந்தது, புதுக் காருக்கு ஏற்கனவே பதிந்தாகிவிட்டது. பழைய கார் வாங்கும் கடைக்காரரிடம் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அவர் மேசையிலும் ஒரு ஸ்கேனர் இருந்தது. என்னுடையதைவிடப் பெரியது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அந்த வாரம்தான் பிலோமினா அக்கா போன் செய்தார்.

4

அக்கா பதினான்கு வயதிலிருந்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். அங்கே ரப்பரை வெட்டி எண்ணெய்க்கான செம்பனை நட்டபிறகு எங்கள் தொழிற்சாலைக்கு வந்து பேக்கிங்கில் நின்றார். வந்த முதல் நாள் ஒரு கையுறையை ஊதிப் பார்த்துவிட்டு, “இதுக்குத்தானாடா எங்கள நாலு மணிக்கு எழுப்புனீங்க” என்று அதைத் திட்டியவர். போன வருடம் அந்தோணி அண்ணனின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. கரங்கானிலிருந்து கூலிமுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அக்கா வேலையை விட்டார். ஐம்பத்தாறு வயதில் கார் ஓட்டப் பழகினார். மூன்றாம் முயற்சியில் லைசென்ஸ் கிடைத்ததும் எங்கள் பிரிவு முழுக்க மிட்டாய் கொடுத்தனுப்பினார்.

“தம்பி, நீங்க காடிய விக்கிறீங்களாமே? வெளிய யாருக்கும் குடுத்துறாதீங்க லா. மெஷின் தெரிஞ்சவரு கையில இருந்த காடி. கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்.”

கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தார்.

பெயர் மாற்றும் நாள் காலை ஏழு மணிக்கு வீட்டு வாசலில், காருக்குள் உட்கார்ந்து, ‘அழி’ என்ற பொத்தானை அழுத்தினேன். உறுதிதானா என்று செயலி ஒருமுறை கேட்டது. ஆம் என்றேன். விளக்கு அணைந்தது. போக்குவரத்து அலுவலகம்வரை பதினொரு கிலோமீட்டர் ஓட்டிப் போனேன். அருமையாக ஓடியது. சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்பவனுக்குத் தெரியும், சரியாகவில்லை என்று.

வாசலில் அக்கா கல்யாணத்துக்கு வந்தவரைப் போல நின்றார். காரைச் சுற்றி வந்து, பானட்டைத் தடவி, கேட்டார்: “ஒன்னும் சூசா குடுக்காதே தம்பி?”

சூசா என்றால் தொந்தரவு. மலாய்ச் சொல், தோட்டத்துத் தமிழில் அது வீட்டுப் பிள்ளை.

“பழைய காடிதானே அக்கா, பாத்து ஓட்டுங்க.” சொல்லிக்கொண்டே வைப்பரில் சிக்கியிருந்த இலை ஒன்றை எடுத்துக் கீழே போட்டேன்.

உள்ளே, கவுண்டரில், பெயர் மாற்ற இருவரும் கட்டைவிரலை வைக்க வேண்டும். என் விரலைக் கருவி முதல் தொடுதலிலேயே ஏற்றுக்கொண்டது. பச்சை வெளிச்சம். அக்காவின் விரலை ஏற்கவில்லை.

“சுபா லாகி, காக்,” என்றாள் கவுண்டர் பெண். இன்னொரு தரம் வையுங்கள் அக்கா. மரியாதையாகத்தான் சொன்னாள். அக்கா விரலைப் பாவாடையில் துடைத்து வைத்தார். சிவப்பு. ஈரத்துணியில் துடைத்து வைத்தார். சிவப்பு. இடது விரல். சிவப்பு. நாற்பது வருடம் உளி பிடித்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? மரத்துக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

“எனக்கு எப்பவும் இப்படித்தான் தம்பி. பேங்க்லயும் விழாது. நான் நான்தான்னு நம்பவே மாட்டேங்குது” என்று சிரித்தார். பின்னால் வரிசை நீண்டது. வேறு கவுண்டருக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு படிவம், ஓர் அதிகாரி, மறுபடியும் முதல் கவுண்டர். ஒன்றரை மணி நேரம். என்னைக் காக்க வைத்ததற்காக அக்கா நாலு தடவை மன்னிப்புக் கேட்டார். நான் நாலு தடவையும் ‘பரவால்லக்கா’ என்றேன்.

அந்த ஒன்றரை மணி நேரம் எனக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. வாயைத் திறக்க ஒரு நிமிடம் போதும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அழைக்கப்படும் எண்களை வாசித்துக்கொண்டிருந்தேன்.

5

ஸ்கேனருக்கு வருகிறேன். ஊரிலும் இப்போது பலர் வாங்குகிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். ஆகவே தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். வெட்கம் ஒரு பக்கம், விவரம் ஒரு பக்கம்.

முதலில் உங்கள் போனைப் பாருங்கள். சில போன்கள் பழைய ப்ளூடூத் கருவிகளோடு ஒட்டாது. வைஃபை கருவி கேட்கும். வைஃபை கருவியைப் பிடித்துக்கொண்டால் பல போன்களில் இணையம் அறுந்துபோகும். மிக மலிவாகக் கிடைப்பவற்றில் பாதி நகல். பெட்டியில் பெரிய பதிப்பு எண் போட்டிருக்கும், கேட்டதற்குப் பதில் தெரியாது. செருகியே விட்டுவிட்டால் பேட்டரியை உறிஞ்சும். வேலை முடிந்ததும் பிடுங்கிவிடுங்கள். எஞ்சினை மட்டும் பார்ப்பதா, பிரேக்கையும் காற்றுப்பையையும் சேர்த்துப் பார்ப்பதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆனால் கருவி பாதிதான். மீதி செயலி. எதைக் காட்டுவது, எதை விடுவது என்று முடிவு செய்வது அது. இலவசச் செயலி விளம்பரத்துக்கு நடுவில் எண்ணை மட்டும் காட்டும். சந்தாச் செயலி காரின் மனதையே கொட்டும்.

இந்தப் பட்டியலோடு சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தபோதுதான் மகள் வந்தாள். யாழினிக்குப் பத்தொன்பது வயது, பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். அவளுக்கு ஊர் என்றால் பக்கத்து நகரமான சுங்கை பட்டாணி. ராஜபாளையம் அப்பா எழுதும் ஓர் இடம். தமிழ் பேசுவாள், கேட்பாள், நான் எழுதுவதைப் படிக்க மாட்டாள். ‘ரொம்ப சோகம் லா அப்பா’ என்று எட்டாம் வகுப்பிலேயே மூடி வைத்துவிட்டாள். எனக்கு முதல் ஸ்கேனரைத் தேடி எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

“யாருக்கு இது?”

“பிலோமினா அக்காவுக்கு.”

“அப்புறம் ஏன் இந்த மொக்க சாமான பாத்துட்டிருக்கீங்க? நம்மளோடதையே வாங்கிக் குடுங்க. அந்த ஆப்ல மலாய் இருக்கு, ஆன்டிக்கு ஈஸி. எல்லாமே காட்டும்.”

“எல்லாம்னா?”

“எல்லாம்னா எல்லாம் லா. கோட் கடைசியா கிளியர் பண்ணதுக்கு அப்புறம் எத்தன கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு கூட காட்டும். செகண்ட்ஹேண்ட் காடி வாங்கறவங்க அதத்தான் மொதல்ல பாப்பாங்க. விக்கறவன் லைட்ட அணைச்சிட்டு வித்துருந்தா மாட்டிப்பான்ல.”

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். சுத்தமாகத்தான் இருந்தது.

அவள் என் கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு, குரலை இறக்கி, “அப்பா, நீங்க கிளியர் பண்ணிட்டா குடுத்தீங்க?” என்றாள்.

“அன்னைக்கு ஓட்டிப் பாத்தேன்மா. நல்லாத்தான் ஓடுச்சு.”

“ஓ.”

அவ்வளவுதான் சொன்னாள். ஏன் என்று கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். சொல்வதற்கு இருபத்து மூன்று வருடக் கஷ்டம் கையிருப்பில் இருந்தது. குளிர்பெட்டியைத் திறந்தாள், தண்ணீர் குடித்தாள், “ஓகே, குட் நைட்” என்று மாடிக்குப் போனாள். அப்போது மணி எட்டரை. பிள்ளைகள் நம்மைவிட்டு மொழியால் விலகுகிறார்கள், உடையால் விலகுகிறார்கள் என்று எத்தனை பக்கம் புலம்பியிருக்கிறேன். அன்று அவள் என்னைவிட்டு விலகியது அந்த ஒற்றை எழுத்தில். அதில் அவள் தவறு ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல வேண்டும். கணக்கு எளிது. காரை வாங்கிய அன்று மீட்டரில் இருந்த எண்ணை அந்தோணி அண்ணன் எழுதி வைத்திருப்பார். தோட்டத்து லாரி ஓட்டியவர், எழுதாமல் இருக்க மாட்டார். மீட்டரில் இப்போது இருக்கும் எண்ணிலிருந்து அதைக் கழித்து, நல்ல செயலி காட்டும் தூரத்தோடு ஒப்பிட்டால், பதினொரு கிலோமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கும். அதே சமயம், திரும்ப வந்த விளக்கை ஒருமுறை அழித்துவிட்டால் அந்தத் தூரமும் பூஜ்யத்துக்குப் போய்விடும். பிறகு உலகில் யாருக்கும் தெரியாது.

மொக்கைச் சாமானையே வாங்கினேன். எண்ணை மட்டும் காட்டும் இலவசச் செயலியைத் தேர்ந்தெடுத்தேன். தேர்ந்தெடுப்பது என்ற சொல்லுக்கு அன்றுதான் முழு அர்த்தத்தில் வேலை கொடுத்தேன்.

6

ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் பூசை முடிந்து திரும்பியபின் கரங்கான் போனேன். கார் தகரக் கொட்டகையில் நின்றது. கண்ணாடியில் ஜெபமாலை. நான் ஓட்டிய பதினொரு வருடத்தில் அது இவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை.

“வாங்க டாக்டர்,” என்றார் அந்தோணி அண்ணன், வாசல் நாற்காலியிலிருந்து. ஊசி ஏறி ஏறி இடது கை கயிறு முறுக்கியதுபோல் புடைத்திருந்தது. “நோயாளி இங்க ஒருத்தன் ஒக்காந்திருக்கேன். நீங்க காடியப் பாக்க வந்துருக்கீங்க.”

“அவரு கெடக்குறாரு, நீங்க வாங்க தம்பி,” என்றார் அக்கா. “போன செவ்வாக்கெழம என்னா ஆச்சு தெரியுமா? மகாங் தாண்டி நடு ரோட்ல நின்னுருச்சு. ரெண்டு பக்கமும் செம்பனை. ஒரு மனுஷன் கெடையாது. இவருக்கு ஆறு மணி ஷிப்டு. நாங்க போய்ச் சேர ஏழரை. அடுத்த ஆளு காத்துருக்காங்கள்ல? நாலு மணி நேரம் ஓட்டவேண்டிய மிஷின ரெண்டரையோட எடுத்துட்டாங்க. ரெண்டு நாளு படுக்க முடியல இவரால. ஒக்காந்தே மூச்சு வாங்குனாரு.”

“ஒடம்புல தண்ணி ஏறிப்போச்சு,” என்றார் அந்தோணி அண்ணன், வானிலை சொல்வதுபோல.

கருவியைச் செருகினேன். அக்காவின் போனில் செயலியை ஏற்றி, இணைத்தேன். அதே எண் வந்தது. எண்ணுக்குக் கீழே அதே பொத்தான்.

“வந்துருச்சா? அத அணைச்சு விடுங்க தம்பி. அது எரியறதப் பாத்தா காடிய எடுக்கவே தோணல எனக்கு.”

அழுத்தினேன். உறுதிதானா என்று கேட்டது. ஆம். இல்லை. என் கட்டைவிரல் அதற்குமேல் நின்றது.

அப்போதுதான் அக்கா பக்கத்தில் குனிந்து, புருஷனுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: “தம்பி, ஒங்ககிட்ட சொல்றதுக்கென்னா. தப்பு என்மேலதான். காடி எடுத்த அன்னைக்கு ஃபாதர் வந்து மந்திரிச்சாரு. வெளிய மட்டும் தீர்த்தம் தெளிச்சிட்டு போகப் பாத்தாரு. நான்தான் பானட்டத் தொறந்து, ‘ஃபாதர், ஓடுறது இதானே, இங்கயும் நல்லா ஊத்துங்க’ன்னேன். அவரு வேணாம்மான்னாரு. நான் கேக்கல. பாட்டில வாங்கி நானே ஊத்திட்டேன். அது வயருக்குள்ள எறங்கிருச்சு போல.”

அண்ணன் காதில் விழுந்துவிட்டது. “ஒலகத்துலயே தீர்த்தத்த எஞ்சின்ல ஊத்துனவ இவ ஒருத்திதான்!” என்றார் அந்தோணி அண்ணன். “ரேடியேட்டர்லயும் கொஞ்சம் ஊத்தியிருந்தா காடி பரலோகத்துக்கே போயிருக்கும்.”

அக்கா சிரிக்கவில்லை. “லைட்டு வந்ததுலேர்ந்து ரெண்டு வாரமா இதே பேச்சு தம்பி. எனக்குத் தூக்கமே இல்ல. ஃபாதர்கிட்டயும் சொல்ல முடியல, மனசு வருத்தப்படுவாரு. அவசரப்பட்டு நான் பண்ணதுல, இவரு அங்க மூச்சுக்குத் தவிக்கிறாரு. பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமா வேணாமான்னு…”

‘இல்லை’யைத் தொட்டேன்.

“அக்கா, தீர்த்தம் இல்லக்கா.”

“என்னா தம்பி?”

“தண்ணியெல்லாம் எறங்கல. இந்தக் கோளாறு எங்கிட்ட இருக்கும்போதே இருந்துச்சு. எனக்கும் நடு ரோட்ல நின்னுருக்கு. பட்டறையில நாலு நாள் விடச் சொன்னாங்க. நான் விடல. ஒங்களுக்குக் குடுத்த அன்னைக்குக் காலைல, இதே மாதிரி ஒன்ன வச்சு லைட்ட அணைச்சிட்டுத்தான் கொண்டாந்தேன்.”

என் போனை எடுத்து, அதிலிருந்த நல்ல செயலியைத் திறந்து இணைத்து, தூரத்தைக் காட்டும் பக்கத்தை அந்தோணி அண்ணனிடம் நீட்டினேன். எதற்கு நீட்டினேன் என்று தெரியவில்லை. நான் சொல்வதை நம்பமாட்டார்கள் என்று பயந்தேனோ என்னவோ. அவர் போனைத் தூரப் பிடித்துப் படித்தார். மீட்டர் இப்போது எவ்வளவு என்று கேட்டுக்கொண்டார். உள்ளே திரும்பிச் சுவர் நாள்காட்டியில் பேனாவால் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தார். உதடு அசைந்தது.

“பதினொன்னு கூட வருது.”

“ஆமாண்ணே.”

“ஒங்க வீட்லேர்ந்து அந்த ஆபீசு.”

“ஆமாண்ணே.”

அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

“அப்ப… நான் ஊத்துன தண்ணி இல்ல?”

“இல்லக்கா.”

“நெசமா?”

“நெசமாக்கா.”

சிலுவை போட்டுக்கொண்டார். முகம் அப்படியே திறந்தது. மேகம் விலகி வெயில் விழுந்த தகரக் கூரை மாதிரி, பார்க்கக் கண் கூசியது. புருஷன் பக்கம் திரும்பினார். “கேட்டீங்களா? கேட்டீங்களா? என்னா பேச்சு பேசுனீங்க! தீர்த்தம் இல்லையாம்! என்மேல தப்பு இல்லையாம்!” கண்ணைத் துடைத்துக்கொண்டே, சிரித்துக்கொண்டே, “ஒக்காருங்க தம்பி, தே கலக்குறேன்” என்று உள்ளே போய்விட்டார்.

அவருக்கு என்மேல் கோபப்பட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவ்வளவு பாரத்தை அவர்மேல் ஏற்றியிருக்கிறேன். இறக்கியதும் ஏற்றியவனையே மறந்துபோனார்.

அந்தோணி அண்ணன் மறக்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“அவ மன்னிச்சிருவா. நாளைக்கு ஞாபகம் வந்தாலும் மன்னிச்சிருவா. அவ தயாரிப்பு அப்படி. நான் அப்படி இல்ல.”

“காடிய நானே திரும்ப எடுத்துக்கிறேண்ணே. காச அப்படியே…”

“காச வச்சுக்கிட்டு? அதுமேல ஏறி ஒக்காந்து கூலிம் போறதா?” மூச்சு விட்டுக்கொண்டார். “பட்டறையில போடு. முழுசா பிரிச்சு முழுசா கட்டு. நாலு நாளோ நாப்பது நாளோ. அதுவரைக்கும் செவ்வா, வியாழன், சனி, காலைல அஞ்சு மணிக்கு நீ இங்க நிக்கணும். ஒன் புதுக் காடியோட.”

“வந்துர்றேண்ணே.”

“இந்தச் சாமானையும் எடுத்துக்கிட்டுப் போ. எங்களுக்கு நல்லதா ஒன்னு வாங்கியா.”

தே வந்தது, இங்கே தேநீருக்கு அதுதான் பெயர். அக்கா இரண்டு கரண்டி பால் அதிகமாகவே விட்டிருந்தார். குடித்தேன்.

7

பட்டறையில் கார் இன்னும் பிரிந்து கிடக்கிறது. எலி கடித்ததோ, சூட்டில் பொரிந்ததோ, டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓரிடம் அகப்பட்டிருக்கிறது. இன்னும் ஓரிடம் தேடுகிறார்கள். நான் இரண்டாவது ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டேன். மனைவியிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். அவள் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்காமல், தலைவாசலில் என் செருப்பைப் பார்த்துப் பேசினாள். யாழினி, அவர்களுக்கான புதுச் செயலியை அவளே ஏற்றித் தருகிறேன் என்றாள். அது அக்காவுக்காக.

நாலு மணிக்குத் திகாம் பத்துவை விட்டால் அஞ்சுக்குக் கரங்கான். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே சாலை கறுத்துக் கிடக்கும். அக்கா முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவார்: புதுக் காடி வாசம் நல்லாருக்கு, மகளுக்கு எப்ப பரீட்சை, ஒங்க ஊர்ல டயாலிசிஸ் எப்படி. அந்தோணி அண்ணன் பின்னால். கண்ணாடியில் அவர் நெற்றி மட்டும் தெரியும். வழியெல்லாம் ஒரு சொல் கிடையாது. நான் ஓட்டும் கையை லாரி ஓட்டியவர் பார்த்துக்கொண்டு வருகிறார் என்று மட்டும் தெரியும்.

போன வியாழக்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல். அண்ணனும் நானும் மட்டும் போனோம். நிலையத்துக்குள் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய்க் கட்டிலில் படுக்க வைத்தேன். ஊசி போடும் நர்ஸ் நம்ம ஆள்தான், கலகலப்பானவர்.

“அங்கிள், இன்னைக்கு ஆன்டி வரலியா? இவரு யாரு, மருமகனா?”

“எங்களுக்குக் காடி வித்தவரு,” என்றார் அந்தோணி அண்ணன்.

“வித்தவரா? காடி வித்துட்டு, கொண்டாந்தும் விடுறாரா?” நர்ஸ் என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தார். “இந்தக் காலத்துல யாரு அங்கிள் இப்படிச் செய்வா? குடுத்து வச்சவங்க நீங்க.”

அந்தோணி அண்ணன் தலையணையிலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். மூன்று வாரத்தில் அவர் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தார். நர்ஸும் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு, காத்திருந்தார்.

நான் குனிந்து, கட்டிலுக்கடியில் கோணலாகக் கிடந்த அந்தோணி அண்ணனின் செருப்பை எடுத்துச் சேர்த்து வைத்தேன். ஒன்று, இன்னொன்று.

நிமிர்ந்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார்.